தானாக நகர்ந்த கோடு: 1970 ட்ரையம்ஃப் 650-இல் ஒரு டைமிங் கோளாறு

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியிருந்தது.

"தம்பி, டைமிங் எல்லாம் நானே லைட் அடிச்சுப் பார்த்து வெச்சிருக்கேன். கோடு கச்சிதமா முள்ளுல நிக்குது. அதைத் தவிர மத்ததைப் பாருங்க" என்றார். டைமிங் என்றால் பிளக்கில் பொறி விழும் நேரம். ஒவ்வொரு பொறிக்கும் பளிச்சிடும் டைமிங் லைட்டில், சுழலும் ரோட்டரின் கோடு அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

வயதில் மூத்தவர், வண்டியை ஆறு வருடமாகத் தன் கையாலேயே பராமரிப்பவர். "சரி சார்" என்று சொல்லிவிட்டேன். அந்தச் 'சரி'யால் எனக்கு ஒரு நாள் போனது.

வண்டி 1970-ஆம் வருடத்து ட்ரையம்ஃப் 650. போர் 71 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ., இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் இரட்டை சிலிண்டர். பிறந்தபோது இரண்டு பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி விழவைக்கும் தொடுமுனை), இரண்டு கண்டன்சர், சுழலச் சுழல விரிந்து பொறியை முந்தவைக்கும் எடைகளோடு ஒரு மெக்கானிக்கல் அட்வான்சர் இருந்தது. அதையெல்லாம் கழற்றிவிட்டு அனலாக் வகை எலெக்ட்ரானிக் கிட் போட்டிருந்தார். எக்சாஸ்ட் வால்வைத் திறக்கும் கேம் தண்டின் முனையில் எதிரெதிராக இரண்டு காந்தம் பதித்த ஒரு சின்ன உருளை; பாயிண்ட் இருந்த குழியில், காந்தம் கடப்பதை உணரும் இரண்டு சுருள் வைத்த பிக்கப் தட்டு; சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி; தொடராக இணைத்த இரண்டு 6 வோல்ட் காயில். கிராங்க் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் இரண்டு பிளக்கிலும் ஒரே நேரத்தில் பொறி விழும். ஒன்று வேலை செய்யும், மற்றது வெளியேறும் புகையில் வீணாகப் போகும். இந்த ஏற்பாட்டில் ஒரு நிம்மதி உண்டு. பாயிண்ட் காலத்தைப் போல இடது தனி, வலது தனி என்று இரண்டு தடவை டைமிங் வைக்க வேண்டியதில்லை.

புகார் இரண்டு. ஒன்று, கிக்கர் திருப்பி அடிப்பது. இரண்டாவது, மேட்டில் மூன்றாவது நான்காவது கியரில் திராட்டிலைத் திறந்தால் நாக்கிங், டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் போகிறபோக்கில் சொன்னார்: "ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதடவை கோடு லேசா விலகிடுது. திரும்ப வெச்சுக்குவேன்." அதைப் புகாராக அவரும் சொல்லவில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் முழுக்கக் கார்புரேட்டர். கலவை மெலிந்தாலும் நாக்கிங் வரும் என்பதால் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றினேன், மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு பார்த்தேன், டேங்கிலிருந்த பழைய பெட்ரோலை வடித்துப் புதியதை ஊற்றினேன். சத்தம் கொஞ்சமும் அசையவில்லை. சாயங்காலம் பிளக்கைக் கழற்றி லென்ஸில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பீங்கானின் வெளிர் பழுப்பு நிறம் சரியாகவே இருந்தது. ஆனால் அதன் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். வெளிச்சத்தில் திருப்பினால் அவற்றுக்கிடையே இரண்டு மூன்று வெள்ளிப் பொட்டுகள் மினுக்கின. அது அலுமினியம். பிஸ்டனின் தலையிலிருந்து துளித்துளியாகப் பெயர்ந்து வந்தது. இதற்கு மேல் ஜெட் மாற்றி விளையாடக் கூடாது என்று கார்புரேட்டரை மூடிவைத்தேன்.

அட்வான்ஸ் எவ்வளவு, ஏன்

பொறி விழுந்த நொடியே கலவை முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவி, அழுத்தம் உச்சத்துக்கு வர நேரம் பிடிக்கும். அந்த உச்சம், பிஸ்டன் டாப்பை, அதாவது தான் ஏறும் உச்சியை, தாண்டிக் கிராங்க் சுமார் 15 டிகிரி திரும்பும்போது வந்தால் தள்ளு முழுதாகக் கிடைக்கும். 5000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 12 மில்லிசெகண்ட். ஒரு மில்லிசெகண்டுக்குள் கிராங்க் 30 டிகிரி ஓடிவிடும். 1000 ஆர்பிஎம்மில் அதே நேரத்தில் 6 டிகிரிதான். அதனால் வேகம் கூடக்கூடப் பொறி முந்த வேண்டும். இந்த 650-க்கு முழு அட்வான்ஸ் டாப்புக்கு முன் 38 டிகிரி. பிஸ்டன் உச்சியிலிருந்து பத்தரை மி.மீ. கீழே இருக்கும்போதே பொறி விழுந்தாக வேண்டும் என்று அர்த்தம். அதற்கும் முந்தினால், ஏறிவரும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்து அழுத்தும். கிக் அடிக்கும் வேகத்தில் அந்த எதிர்ப்புதான் கிக்கரைத் திருப்பி அடிக்கிறது. லோடில் ஓடும்போது, மிச்சமிருக்கும் கலவை அழுத்தம் தாங்காமல் தானே வெடிப்பது நாக்கிங்.

இரண்டு அறிகுறியும் ஒரே பக்கம் கைகாட்டின: அட்வான்ஸ் அதிகம். ஆனால் டைமிங் லைட்டை அடித்தால், அவர் சொன்னது போலவே, 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் முனையில் சுழலும் ஆல்டர்னேட்டர் ரோட்டரின் 38 டிகிரிக் கோடு, அதை மூடும் பிரைமரி கவரின் ஜன்னலில் உள்ள முள்ளுக்கு நேராக நின்றது, ஒட்டவைத்த மாதிரி.

நான்கு சிவப்புக் கோடுகள்

பிக்கப் தட்டின் மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு முறை டைமிங் வைத்ததும் தட்டுக்கும் அது உட்கார்ந்திருக்கும் குழியின் விளிம்புக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போடும் பழக்கம் அவருக்கு. நல்ல பழக்கம். தட்டு நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். தட்டில் ஒரே கோடு, விளிம்பில் நான்கு. பழையவற்றை அவர் துடைக்கவில்லை.

நான்கும் ஒரு மில்லிமீட்டருக்குள் நெருங்கி வரிசையாக நின்றன. வரிசை ஒரே திசையில் போனது. கேம் காந்தம் சுழலும் திசைக்கு எதிராக, அதாவது அட்வான்ஸ் பக்கமாக.

"கோடு விலகினப்ப இந்த நெயில் பாலிஷ் உடைஞ்சிருந்துச்சா சார்?" என்று கேட்டேன்.

"இல்லையே. அதான் எனக்கும் புரியல. தட்டு அசையல, ஆனா லைட்ல கோடு தள்ளி நின்னுச்சு."

தட்டு அசையாமல் டைமிங் அசைய வேண்டுமென்றால் சந்தேகத்துக்கு இரண்டே இடம்தான். கேம் முனையின் கூம்பில் (டேப்பர்) காந்த உருளை நழுவியிருக்கலாம். அல்லது நாம் நம்பிப் பார்க்கும் ஆல்டர்னேட்டர் ரோட்டரின் கோடு நகர்ந்திருக்கலாம். காந்த உருளை பின்தங்கி நழுவியிருந்தால் பொறி உண்மையாகவே தாமதமாகும். லைட் அதை உண்மையாகவே காட்டும். அவர் அட்வான்ஸ் செய்து ஈடுகட்டியதும் சரியாகிவிடும், நாக்கிங் வராது. இங்கே அவர் திருத்தத் திருத்த நாக்கிங் கூடியிருந்தது. ஆகவே சந்தேகம் முழுக்க ரோட்டர் கோட்டின் மேல்.

ரோட்டரின் வெளிவளையம் சுழலும் திசையில் கொஞ்சம் முன்னே நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். கோடு முள்ளைச் சீக்கிரமே கடந்துவிடும். பொறி விழும் நொடியில் லைட் பளிச்சிடும்போது கோடு தாண்டிப்போய் நிற்கும். பார்ப்பவருக்குப் 'பொறி லேட்' என்று தோன்றும். நேர்மையாகத் தட்டை அட்வான்ஸ் பக்கம் திருப்புவார். உண்மையில் சரியாக இருந்த டைமிங் அந்தத் திருத்தத்தால்தான் கெடும்.

பிஸ்டனையே கேட்பது

கோட்டைச் சோதிக்க இன்னொரு கோடு உதவாது. ஃப்ளைவீல் பள்ளத்தில் பின் செருகிப் பார்க்க வழியுள்ள வண்டிகள் உண்டு. ஆனால் அந்தப் பள்ளம் டாப்பைக் காட்டுகிறதா 38-ஐக் காட்டுகிறதா என்பது வருடத்துக்கு வருடம் மாறும். நான் பிஸ்டனிடமே போனேன்.

டாப்பைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவரைப் பிளக் ஓட்டையில் விட்டு 'இதோ மேலே வந்துவிட்டது' என்று பார்ப்பது பலரின் வழக்கம். அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. இந்த இன்ஜினில் டாப்பிலிருந்து 2 டிகிரி திரும்பினால் பிஸ்டன் இறங்குவது 0.03 மி.மீ.; 5 டிகிரிக்கே 0.2 மி.மீ.தான். அந்த இடத்தில் பிஸ்டன் தூங்குகிறது, கைக்கு எதுவும் தெரியாது. ஆகவே தூங்காத இடத்தில் அளக்க வேண்டும். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் உடம்பில் மரை போட்டு, முனை மழுங்கிய ஒரு போல்ட்டைத் திருகி வைத்திருக்கிறேன். இதுதான் நிறுத்தி.

பிரைமரி ஆயிலை வடித்து, கவரைக் கழற்றி, ரோட்டரின் நட்டில் டிகிரி டிஸ்க்கை, அதாவது விளிம்பில் டிகிரி பொறித்த வட்டத் தகட்டை, பிடிக்கவைத்தேன். ரோட்டர் வளையத்தில் இல்லை, நட்டில். சந்தேகப்படும் ஆளையே சாட்சியாக வைக்க முடியாது. ஸ்டேட்டர் ஸ்டட்டில் வளைத்த கம்பி ஒன்று முள்ளாக. இரண்டு பிளக்கையும் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தை மெதுவாகத் திருப்பினேன். பிஸ்டன் நிறுத்தியில் முட்டியதும் டிஸ்க்கில் 31. எதிர்ப்பக்கம் திருப்பி முட்டவைத்தால் 19. இரண்டும் சமமாக 25 காட்டும்படி டிஸ்க்கை 6 டிகிரி நகர்த்தினேன். மறுபடி இருபக்கமும் முட்டவைத்துப் பார்த்தேன்: 25, 25. இப்போது டிஸ்க்கின் பூஜ்யம் உண்மையான டாப்.

அடுத்து நிறுத்தியின் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகி, பிஸ்டன் ஏறும் திசையில் சரியாக 38-இல் முட்டும்படி வைத்தேன். டிஸ்க்கைக் கழற்றினாலும் கிராங்க் அந்த இடத்தைவிட்டுப் போகாது. கேஸ்கட் போடாமல் கவரைச் சும்மா பொருத்தி, ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கோடு முள்ளில் இல்லை. முள்ளைத் தாண்டி இரண்டரை மி.மீ. முன்னே நின்றது. கவரை எடுத்துவிட்டு டிஸ்க்கில் கணக்குப் பார்த்தால் 4 டிகிரி.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப இத்தனை நாளா நான்தான் கெடுத்திருக்கேனா?" என்றார்.

"நீங்க கோட்டை நம்பினீங்க, நான் உங்களை நம்பினேன். ஆளுக்குப் பாதி, சார்."

ரோட்டரைக் கழற்றி மேசையில் வைத்தோம். நடுவே எஃகு ஹப், அதைச் சுற்றிக் காந்தமும் அலுமினிய வார்ப்பும். கையால் முறுக்கினால் அசையவில்லை. ஆனால் ஹப்பும் அலுமினியமும் சேரும் வட்டத்தில் முடியளவு இடைவெளி, அதைச் சுற்றித் துருநிறத்தில் மெல்லிய பொடி. எண்ணெயில் ஊறிக் கிடக்கும் இடத்தில் துரு வர வழியில்லை. இரண்டு உலோகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்தால் வரும் பொடி அது. காடியில் உட்காரும் சாவி எனும் சின்ன எஃகுத் துண்டு ஹப்பைக் கிராங்கோடு பிடித்திருந்தது. வெளிவளையம் ஹப்பின் மேல் இழையிழையாக ஊர்ந்திருந்தது.

ஏன் முன்பக்கமாக ஊர்ந்தது? என் ஊகம் இது. கிக்கர் திருப்பி அடிக்கும்போது கிராங்க் சட்டென்று நின்று எதிராகத் திரும்புகிறது. கனமான வளையம் போன திசையிலேயே போகப் பார்க்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழை. ஊர்ந்த அளவுக்கு அவர் அட்வான்ஸ் செய்தார். அட்வான்ஸ் ஏறியதால் மறுபடி திருப்பி அடித்தது.

புது ரோட்டர், பழைய தட்டு

புது ரோட்டர் வந்ததும் முதல் வேலை, அதன் கோட்டையும் டிஸ்க் வைத்துச் சரிபார்த்ததுதான். பல வண்டிகளுக்குப் பொதுவாக வரும் ரோட்டர்களில் ஒன்றுக்கு மேல் கோடு இருப்பதுண்டு. நம்முடையது எது என்று பிஸ்டன்தான் சொல்ல வேண்டும். சரியான கோட்டில் வெள்ளை பெயிண்ட் வைத்தேன். டிஸ்க் இருக்கும்போதே 34, 42, 46 டிகிரிக்கும் மெல்லிய கோடுகள் இட்டேன். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே 0.2 மி.மீ. கேஜ் சுற்றிலும் தடையில்லாமல் போகிறதா என்று பார்த்து மூடினேன்.

பிக்கப் தட்டை வேண்டுமென்றே தொடவில்லை. பழைய செட்டிங் எவ்வளவு பிசகு என்று தெரிய வேண்டும்.

லைட் அடிப்பதில் இந்த வண்டிக்கு மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இது பாசிட்டிவ் எர்த் வண்டி; பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். சிவப்புக் கிளிப்பைப் பழக்கதோஷத்தில் உயிர்க்கம்பியில் மாட்டினால் லைட் போய்விடும். லைட்டுக்குத் தனி பேட்டரி வைப்பது நல்லது. வண்டி பேட்டரியின் தள்ளாட்டம் அளவைத் தொடாது. மூன்றாவது, பின்னால் டிகிரி திருகி உள்ள நவீன லைட்டுகள். அவை இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று கணக்குப் போடும். இங்கே சுற்றுக்கு ஒரு பொறி. 38 என்று திருகினால் உண்மையில் 19 டிகிரிதான் தள்ளிக் காட்டும். அந்தத் திருகியைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு ரோட்டரில் உள்ள கோட்டையே பார்த்தேன்.

3000 ஆர்பிஎம்மில் பொறி 42-இல் விழுந்தது. எதிர்பார்த்ததுதான்; நகர்ந்த கோட்டின் 4 டிகிரி. எதிரே ஃபேன் வைத்து 5000-க்கு ஏற்றினேன். 46.

இந்த இரண்டாவது 4 டிகிரிக்கு ரோட்டர் பொறுப்பில்லை. பழைய எடை அட்வான்சர் 2000 ஆர்பிஎம்மை ஒட்டியே முழுதாக விரிந்துவிடும். 3000-இல் டைமிங் வைத்தால் அதற்குப் போதும். இந்த அனலாக் கிட் அப்படி இல்லை. சுருளில் எழும் மின்துடிப்பு ஒரு மட்டத்தைத் தொட்டதும் பெட்டி பொறி விடுகிறது. வேகம் கூடினால் துடிப்பு உயரமாகும், மட்டத்தை முன்கூட்டியே தொடும். அதனால் அட்வான்ஸ் மேலே மேலே ஊர்ந்துகொண்டே போகும். கிட்டோடு வந்த தாளில் 5000-இல் வைக்கச் சொல்லியிருந்தது. அந்த ஆர்பிஎம்மில் ஸ்டாண்டில் நிற்கும் பழைய வண்டியை அலறவிட மனம் வராமல், பாயிண்ட் காலத்துப் பழக்கத்தில் அவர் 3000-இல் வைத்திருக்கிறார். எனக்கும் அந்த அலறல் பிடிக்காதுதான். ஆனால் ஐந்து விநாடி ஸ்டாண்டில் அலறுவதைவிட ஒவ்வொரு மேட்டிலும் பிஸ்டனைத் தின்பது மோசம்.

ஆக மொத்தம் 8 டிகிரி அதிகம். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் தட்டில் திருப்ப வேண்டியது 4 டிகிரிதான், 30 மி.மீ. ஆரத்தில் உள்ள விளிம்பில் அது சுமார் 2 மி.மீ. கையில் இந்தக் கணக்கு இருப்பது முக்கியம். தட்டை ஒரு மி.மீ. தட்டினால் கிராங்கில் ஏறக்குறைய 4 டிகிரி போய்விடும். கண்ணளவில் 'கொஞ்சம்' என்று நகர்த்துவதெல்லாம் இங்கே பெரிய நகர்வு. காந்தம் சுழலும் திசையிலேயே தட்டை 2 மி.மீ. திருப்பி, 5000-இல் 38 நிற்கும்வரை இரண்டு முறை திருத்தினேன். புதிய இடம் அவருடைய முதல் சிவப்புக் கோட்டுக்கும் ஒரு மி.மீ. பின்னால் வந்து நின்றது. முதல் கோடே 4 டிகிரி பிசகு, மிச்ச மூன்றும் சேர்ந்து இன்னொரு 4 என்று கணக்கு ஒத்துவந்தது.

மிச்சமிருந்த ஒன்று

நாக்கிங் அன்றைக்கே போய்விட்டது. கிக்கர் மட்டும் இருபது கிக்குக்கு ஒருமுறை லேசாக உதைத்தது. மீட்டரை எடுத்தேன். பேட்டரி முனையில் 12.5 வோல்ட், இக்னிஷன் போட்டதும் கறுப்புப் பெட்டியின் வாயில் 11.1. வழியில் 1.4 வோல்ட் காணாமல் போயிருந்தது. சாவி சுவிட்சும், கிளட்ச் பக்கத்து ஒயர்க்கட்டில் பச்சை பிடித்த இரண்டு புல்லட் கனெக்டரும்தான் திருடர்கள். கிக் அடிக்கும் நேரத்தில் அது இன்னும் இறங்கும். இந்த வகைப் பெட்டி போதிய வோல்ட் இல்லாவிட்டால் பொறியைக் கண்ட இடத்தில் விடும். கனெக்டரை மாற்றி, சுவிட்சைச் சுத்தம் செய்ததும் இழப்பு 0.3 வோல்ட்டுக்கு வந்தது. உதை நின்றது. ரோட்டர் ஊர ஆரம்பித்ததற்கே முதல் உதை இந்தப் பச்சைக் கனெக்டரால் விழுந்திருக்கலாம். நிரூபிக்க வழியில்லை, ஆனால் என் மனம் அதைத்தான் சொல்கிறது.

500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தார். 5000-இல் லைட் அடித்தோம், 38. பிளக்கில் புள்ளி இல்லை. 1500 கிலோமீட்டரில் மறுபடி வந்தார், அதே 38. அந்தத் தடவை கால் இழுபடவில்லை; ஒரே கிக்கில் எனக்கு முன்னால் ஸ்டார்ட் செய்து காட்டினார்.

பிரைமரி கவரை மூடுவதற்கு முன்பே அவர் நெயில் பாலிஷை வாங்கி நானே ஒரு கோடு போட்டிருந்தேன். புது ரோட்டரின் எஃகு ஹப்பிலிருந்து அலுமினிய வளையத்துக்குக் குறுக்காக. அடுத்த முறை கவர் கழலும்போது அவர் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.